வொலி துரையின் துடுப்பு

கலேவெலப் பக்கம் கோச்சி ஓடுவதில்லை. எங்கள் பக்கத்தில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். அதில் ஏற வேண்டுமென்றால் மாத்தளைக்கோ குருநாகலுக்கோ பஸ் பிடித்துப் போக வேண்டும். அப்படியிருந்தும் கலேவெலயிலிருந்து மூன்று மைல் தள்ளி, குளக்கட்டுக்குக் கீழே ஒரு வீட்டைக் 'கோச்சியூடு' என்றுதான் சொல்வார்கள். தண்டவாளத்தை ஆயுளில் நாலு தடவை பார்த்திராத சனங்கள்கூட, யாராவது வழி கேட்டால், "கோச்சியூட்டுக்கு அங்கால போங்க" என்று கூசாமல் கை காட்டுவார்கள். வந்த புதிதில் நானும் அந்த வீட்டுப் பதுர்தீன் ரயில் ஓட்டியவர் என்றே நம்பி, ஒருநாள் அவரிடமே இஞ்சினைப் பற்றிக் கேட்டுத் தொலைத்தேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் எல்கடுவைக்காரன், பெயர் கணபதி. தோட்டத்து ஒபீஸில் பைல் தூக்கித் திரிந்து கொஞ்சம் இங்கிலிஷ் பொறுக்கியவன். பிரஜாவுரிமைக் கடதாசி இல்லாத குற்றத்துக்காக அரசாங்க வேலை எதற்கும் ஆகாமல், கலேவெலயில் ஜுனைதீன் முதலாளியின் மிளகாய்க் கடையில் தராசு பிடித்தேன். இந்தியாவா இலங்கையா என்று என்னைப் பற்றி இரண்டு அரசாங்கங்களும் அப்போது யோசித்துக்கொண்டிருந்தன. அதனால் கடதாசியில் பேர் இருப்பது என்ன, இல்லாமல் போவது என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் கோச்சியூட்டுக்கு இங்கிலிஷில் ஒரு கடிதம் வந்தது. பதுர்தீன் மவுத்தாகி அப்போது இரண்டு வருஷம். கடிதம் அவருடைய மனைவி கைறுன்னிஸாவின் பேருக்கு. அவளுடைய நானாதான், கூடப்பிறந்த அண்ணன்தான், ஜுனைதீன் முதலாளி. "வா, வாசிச்சுக் காட்டு" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

முற்றம் முழுக்கப் பாய் விரித்து மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். கைறுன்னிஸா காலால் மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மகள் மஸீனா காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நெடியில் நான் நாலு தும்மல் போட்ட பிறகுதான் வாசிக்க முடிந்தது.

கொழும்பில் ஒரு படகுக் கழகத்திலிருந்து வந்திருந்தது. புதுக் கட்டடம் திறக்கிறார்களாம். ஐம்பதாம் வருஷம் கப் வென்ற நால்வர் படகின் துடுப்பு ஒன்று, 'காலஞ்சென்ற எமது படகுக் கொட்டில் பையன் பதுர்தீன்' வசம் இருந்ததாகத் தெரிகிறதாம். அது கழகத்தின் சொத்து. வருகிற ஞாயிற்றுக்கிழமை செயலாளர் மென்டிஸ் காரில் வந்து எடுத்துப்போவார்.

"பையனா?" என்றாள் கைறுன்னிஸா. "அம்பத்திரண்டு வயசுல மவுத்தான மனுசன் பையனா?"

"இங்கிலிஷ்ல அப்படித்தான் எழுதுவாங்க அக்கா. கொட்டில்ல வேல செஞ்சா பையன்தான்."

"சரி, மிச்சத்தயும் வாசிங்க."

"மூணாவது எடத்துல இருந்து வலிச்ச மிஸ்டர் வொலிங்கிற இங்கிலிஷ் துரையப் பத்தி ஒங்க வீட்டுக்காரர் ஏதாவது சொல்லியிருந்தாத் தெரிவிக்கட்டாம். துரையோட படம் ஒண்ணு சுவர்ல மாட்டணுமாம். அவர் இப்ப எங்க இருக்கார்னு தேடுறாங்களாம்."

அவள் மிளகாய்ப் பாயிலிருந்து காலை எடுத்தாள். "மூணாவது எடத்துல குந்தினது என்ட மனுசன்."

"துடுப்புல வொலின்னுதானே அக்கா எழுதியிருக்கு? நானே பாத்திருக்கேன்."

"வொலியோ கிலியோ! அவரு மவுத்தாகும்வரைக்கும் பதினாறு வருஷம் கேட்ட கத இது. நாலு பேர்ல ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்து, விடிஞ்சாப் போட்டின்னு நிக்கக்குள்ள, இவரத்தான் ஏத்தினாங்க. மூணாவது எடம். எனக்குத் தெரியாதா?"

ஜுனைதீன் முதலாளிக்கு வேர்த்தது. "தங்கச்சி, சும்மா கதைய வளக்காத. கொழும்பு ஆக்கள், பொலிஸ் கிலிஸ்னு போனா நமக்குத்தான் தல எறக்கம். ஒரு தடிதானே? குடுத்துடுவம்."

"குடுத்துட்டு அக்கரைக்கு எதால போற மாமா?" என்றாள் மஸீனா தலையைத் தூக்காமலே. "ஒங்கட கடைக்கு மொளகா பறந்தா வருது?"

அவளுக்கு இருபத்திநாலு வயது, வாய் நாற்பது வயது. ஆனால் அவள் சொன்னது உண்மை. அந்தத் துடுப்பு சுவரில் தொங்கிய பொருளில்லை. தினமும் தண்ணீரில் கிடந்தது.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் பதுர்தீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலியாணம் முடித்த கையோடு கொழும்புக்குப் போனவர். அந்தக் கழகத்தில் படகு தூக்குவது, கழுவுவது, கீல் பூசுவது அவர் வேலை. குளத்தடியில் பிறந்து தோணியிலேயே வளர்ந்தவருக்கு, துரைமார் வலிப்பதைப் பார்த்தால் வயிறு எரியுமாம். "கை மட்டும்தான் வேல செய்யுது, முதுகு லீவுல ஈக்கி" என்பார்; 'இருக்கு' என்பது அவர்கள் வாயில் 'ஈக்கி'தான். ஒருநாள் வாய் பொறுக்காமல் கரையில் நின்று கத்திவிட்டார். கப்டன் துரைக்குக் கோபம் வரவில்லை, புத்தி வந்தது. அன்றிலிருந்து கொட்டில் வேலைக்காரன் கத்துவான், துரைமார் வலிப்பார்கள். கப் வென்றதற்குப் பிறகு அந்தக் கப்டன் தன் கையாலே ஒரு கடிதம் எழுதி, பதுர்தீன் இன்று முதல் எங்கள் 'கோச்' என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

பதுர்தீன் அதைப் பெருமையாக ஊருக்கு அனுப்பினார். இங்கேதான் வினை. அன்றைக்குத் தபாற்கந்தோரில் இருந்தவருக்குத் தெரிந்த இங்கிலிஷ் எழுத்துக்கூட்டும் அளவுதான். 'கோச்' என்ற இடத்துக்கு வந்ததும், "அட, கோச்சியில வேல கெடச்சிருக்கு!" என்று சொல்லிவிட்டார். மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பதுர்தீன் லீவில் வந்தபோதெல்லாம் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. தண்ணீரில் தோணி வலிக்கச் சொல்லிக்கொடுப்பதும் ஒரு வேலையா, அதற்கும் சம்பளமா என்று ஊர் நினைத்தது. கோச்சி என்றால் மரியாதை. அந்தக் கடிதம் எங்கே போனதென்று பிறகு யாருக்கும் தெரியவில்லை.

ஐம்பத்தெட்டில் வேலையை விட்டு ஊருக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி, தோளில் பன்னிரண்டு அடி நீளத்தில் அந்தத் துடுப்பு. கலேவெல பஸ்ஸில் அதை ஏற்ற முடியாமல் மூன்று மைலும் நடந்தே வந்தார். வந்த கிழமையில்தான் ஸைனம்பு என்ற பெண்ணை ஆனை அடித்தது. ஊர்ச் சேனைகள், காடு வெட்டிப் பயிர் செய்யும் நிலங்கள், எல்லாம் குளத்துக்கு அக்கரையில். பெண்கள் மிளகாய் ஆய, குரக்கன் அறுக்க, காட்டு வழியே நாலு மைல் சுற்றிப் போவார்கள். மய்யித்தை அடக்கிவிட்டு வந்தவர் நேரே தச்சனிடம் போனார்.

ஆறு மாதத்தில் ஒரு நீளப் படகு வந்தது. மூட்டைக்கு இடம், நாலு பேர் வலிக்க நாலு பலகை. மூன்று துடுப்புகளை ஹல்மில்ல மரத்தில் செதுக்கினார்கள். நாலாவது கொழும்பிலிருந்து வந்தது. தங்க எழுத்தில் நாலு பேருடைய பேர் எழுதிய பந்தயத் துடுப்பு மிளகாய் மூட்டை இழுக்கும் என்று அதைச் செய்தவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான். ஆண்களுக்கு நேரமில்லை என்றார்கள். "ஆம்புளைங்களுக்கு நான் கூப்பிடவும் இல்ல" என்று பெண்களைக் கூப்பிட்டார். முற்றத்தில் நாலு உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காரவைத்து, கையில் உலக்கையைக் கொடுத்து, ஒரு மாதம் தரையிலேயே வலிக்கவைத்தார். நாலு உலக்கையும் ஒரே சமயத்தில் போய் ஒரே சமயத்தில் வர வேண்டும். முதுகு வேலை செய்ய வேண்டும்.

பள்ளிவாசல் மரைக்கார் அப்துல் ஸமத் வந்து, பெண்பிள்ளைகள் காலை நீட்டிக்கொண்டு, போகும் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவது என்ன ஒழுங்கு என்று கேட்டார்.

"காட்டுக்குள்ளால நடந்து போனா நல்ல ஒழுங்குதான் நானா" என்றார் பதுர்தீன். "அடுத்த பொம்புளய ஆனை அடிச்சா, நீங்க வந்து தூக்குறதாச் சொல்லுங்க. நான் தோணிய ஒடச்சு அடுப்புல வைக்கிறேன்."

மரைக்கார் அதற்குப் பிறகு வரவில்லை. அடுத்த போகத்தில் அவர் வீட்டு மிளகாயும் படகில்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கறுப்புக் கார் வந்து நின்றது. மென்டிஸ் மஹத்தயாவுக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைக் காற்சட்டை, நல்ல தோள். முதலாளி கதிரையைத் துடைத்துப் போட்டார், தேத்தண்ணி கொடுத்தார், பேசாமல் கொடுத்தனுப்பச் சொல்லித் தங்கச்சியைக் கண்ணால் கெஞ்சினார்.

மென்டிஸ் சிங்களத்தில் பேசினார். கைறுன்னிஸாவின் சிங்களம் அவருடையதற்கு ஒன்றும் குறைந்ததில்லை. 'ஐயா' என்று அர்த்தமான மஹத்தயாவைத் தவிர, நான் எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்கிறேன்.

"துடுப்பு எங்கம்மா?"

"தோணியில ஈக்கி. இப்ப ரெண்டாந் தடவ அக்கரைக்குப் போகணும். மத்தியானச் சோத்துக்கு அங்க ஆள் பாத்துக்கிட்டு ஈக்கிறாங்க. மஹத்தயாவும் வாங்க, பேசிக்கிட்டே போகலாம்."

"நான் அவசரமாப் போகணும்."

"அவங்களுக்கும் பசிக்கும்தானே?" என்று சோற்றுக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். மனுஷன் வேறு வழியில்லாமல் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தார்.

எட்டுப் பேர் ஏறினோம். மஸீனா மூன்றாம் பலகையில். மற்றப் பலகைகளில் ஆஸியா, அவள் தங்கை மஸீஹா, பக்கத்துச் சிங்களக் கிராமத்து நோனா. பின்னால் சுக்கானில் கைறுன்னிஸா. அவள் காலடியில் மென்டிஸ், முன்பக்கம் கூடையோடு நானும் முதலாளியும்.

படகு கரையை விட்டதும் மென்டிஸ் துடுப்பைத்தான் பார்த்தார். அலகில் தங்கப் பூச்சு பாதி போய்விட்டது. முதல் இரண்டு பேரையும் வாசிக்க முடியாது. மூன்றாவது பேர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் பத்துத் தடவை வலித்ததும் அவர் துடுப்பைப் பார்ப்பதை விட்டுப் பெண்களைப் பார்க்கத் தொடங்கினார். நாலு துடுப்பும் ஒரே சத்தமாகத் தண்ணீருக்குள் போயின. ஒரே சத்தமாக வெளியே வந்தன. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, கால் பெருவிரலைக் கட்டையில் ஊன்றி, இடுப்பிலிருந்து பின்னால் சாய்ந்து வலித்தார்கள். மென்டிஸின் தலை அதற்குத் தாளம் போட்டது. தான் தலையாட்டுவது அவருக்கே தெரியவில்லை.

"யாரு இவங்களப் பழக்கினது?"

"ஒங்கட பையன்தான்" என்றாள் கைறுன்னிஸா.

நடுக்குளத்தில் காற்று எழும்பியது. அலை பக்கவாட்டில் அடித்துப் படகின் மூக்கு திரும்பியது. முதலாளி கலிமா சொல்லத் தொடங்கினார். கைறுன்னிஸா சுக்கானை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்துக் கத்தினாள்.

"வலி!"

நாலு முதுகும் சாய்ந்தன. படகு ஒரு தள்ளு தள்ளியது.

"வலி! வலி!"

மென்டிஸ் எழும்பப் பார்த்தார். "இப்ப என்ன சொன்னீங்க?"

"குந்துங்க மஹத்தயா, தோணி கவுந்துரும்."

"இல்ல, இப்ப ஒரு பேர் சொன்னீங்க. வொலின்னு. அவரத் தெரியுமா ஒங்களுக்கு?"

காற்று அவளைப் பேச விடவில்லை. படகு அந்த இடத்தைத் தாண்டும்வரை அவள் கத்தினாள், இவர் விழித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அடங்கிய பிறகு அவரே சொன்னார்: "எங்க கிளப்ல அது பெரிய வழக்கம். பந்தயம் முடியிற கட்டத்துல எல்லாரும் சேந்து 'வொலி! வொலி!'ன்னு கத்துவோம். சின்னப் பொடியன்ல இருந்து கெழவன் வரைக்கும். அந்தத் துரைக்கு நாங்க குடுக்கிற மரியாதை."

முதலில் சிரித்தது நோனா. துடுப்பை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ மஹத்தயா, அது மனுசன் பேரில்ல! தமிழ்ல வலின்னா, நம்ம சிங்களத்துல அதின்ன! இழுன்னு அர்த்தம்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு வருஷமாக அந்தத் துடுப்பைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கடிதத்தை என் வாயாலேயே வாசித்திருக்கிறேன். தமிழன்தான் நான். ஆனால் இங்கிலிஷ் எழுத்தில் பார்த்தவுடன் துரை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. கரையில் நின்று ஒருத்தன் நாளெல்லாம் 'வலி, வலி' என்று கத்தியிருக்கிறான். அந்தத் துரைமார் அதையே அவனுக்குப் பேராக வைத்துவிட்டார்கள். ஊர் அவருடைய வேலையைக் கோச்சியாக்கியது. கொழும்பு அவருடைய வார்த்தையைத் துரையாக்கியது. ரெண்டு இடத்திலும் பதுர்தீன் என்ற பேர் இல்லை.

கைறுன்னிஸா சிரிக்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரல் அசையவில்லை. "கேட்டீங்களா மஹத்தயா? நீங்க தேடுற தொரய நாங்க ரெண்டு வருஷத்துக்கு முந்தி பள்ளி மையவாடியில அடக்கிட்டம்."

அக்கரையில் இறங்கினோம். சேனையில் இருந்தவர்கள் சோற்றுக்குக் கூடினார்கள். குரக்கன் ரொட்டி, கட்டச்சம்பல், குளத்து மீன் பொரியல். மென்டிஸுக்கும் ஒரு வாழையிலையில் வைத்தார்கள். அவர் தொடாமல் துடுப்பை மடியில் கிடத்தி அந்த ஐந்து இங்கிலிஷ் எழுத்தையும் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் நம்புறேன்" என்றார். "ஆனா ஒரு சிக்கல் இருக்கு. அந்தக் காலத்துல அங்கத்தவர் மட்டும்தான் பந்தயத்துல வலிக்கலாம். கொட்டில் ஆள் வலிச்சதுன்னு எழுதினா, கப்பே செல்லாதுன்னு கமிட்டி பயப்படும்."

"அதுக்குத்தான் சொந்தப் பேர எழுதல்லயா?"

"அப்படித்தான் இருக்கும்."

"அப்ப கப்பத் திருப்பிக் குடுங்க" என்றாள் அவள். "எங்களுக்கு அது வேணாம். அவரு வலிச்ச வலிய யாரும் திருப்பிக் குடுக்க ஏலாது. அதுக்குத்தான் பேர் கேக்கிறேன்."

"கமிட்டி எழுத்துல ஒரு அத்தாட்சி கேக்கும்மா. வாய்ப்பேச்ச எடுக்க மாட்டாங்க."

 ஆஸியா ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டாள். அப்போது ஜுனைதீன் முதலாளி தொண்டையைச் செருமினார். இடுப்பு வாரைக் கழற்றி, அதன் பையிலிருந்து நாலாக மடித்த கடதாசி ஒன்றை எடுத்தார்.

"நானா?" என்றாள் கைறுன்னிஸா.

"தொலஞ்சு போச்சுன்னு அன்னைக்குப் பொய்தான் சொன்னேன், தங்கச்சி." அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "கோச்சியில வேல செய்ற ஆக்கள்ட குடும்பத்துக்கு ஓசி டிக்கட் குடுப்பாங்கன்னு கேள்விப்பட்டு, ஒனக்கு எடுத்துக் குடுக்கலாம்னு மாத்தளை ஸ்டேசனுக்குக் கொண்டு போனேன். ஸ்டேசன் மாஸ்டர் வாசிச்சிட்டுச் சிரிச்சாரு. ஸ்டேசன்ல நிண்ட எல்லாரும் சிரிச்சாங்க. பின்பக்கத்துல என்னவோ எழுதி சீல் குத்தித் தந்தாரு. வெக்கத்துல பதினெட்டு வருஷம் பொத்தி வச்சிருந்தேன். காலம்பற எடுத்து வாருக்குள்ள வச்சேன், குடுக்கிறதா வேணாமான்னு தெரியாமலே வந்தேன்."

நான் வாங்கி வாசித்தேன். முன்பக்கம் கப்டனின் எழுத்து: எங்கள் வெற்றிப் படகில் மூன்றாம் ஆசனத்தில் வலித்தவர் பதுர்தீன், நாங்கள் வொலி என்று அழைப்பவர், இன்று முதல் எங்கள் படகுக் கோச். பின்பக்கம் ஸ்டேசன் மாஸ்டரின் எழுத்து: 'இவர் ரயில்வே ஊழியர் அல்லர். படகு வலிக்கப் பயிற்றுபவர்.' கையெழுத்து, அரசாங்கச் சீல், ஐம்பதாம் வருஷத் திகதி.

 ஒருத்தனுக்கு அவன் யார் என்று சீல் குத்திய கடதாசி ஒன்று, நான் பார்த்து முதல் தடவை, உண்மையைச் சொல்லியிருந்தது.

மென்டிஸ் கை நீட்டினார். கைறுன்னிஸா அதற்கு முன்பே அதை வாங்கி, தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். "தம்பி ஒரு பிரதி எழுதித் தருவாரு. அத மட்டும் கொண்டு போங்க."

"துடுப்பு?"

"வொலிங்கிற பேர அழிக்காதீங்க, அதுவும் அவர்ட வாயில வந்ததுதான். அதுக்குப் பக்கத்துல பதுர்தீன்னு சுவர்ல எழுதுங்க. கோச்னும் எழுதுங்க. எழுதிட்டு வந்து சொல்லுங்க, நானே கொண்டாந்து மாட்டுறேன். அது வரைக்கும் இது மொளகா இழுக்கும்."

"கமிட்டிகிட்டப் பேசுறேன்மா. வாக்குத் தாறேன்."

"வாக்கு வேணாம் மஹத்தயா. பேர் வேணும்."

வெயில் சாயுமுன் திரும்ப வேண்டும், பிறகு ஆனை தண்ணீருக்கு இறங்கும். ஆறு மூட்டை மிளகாய் ஏற்றினார்கள். ஆஸியாவுக்கு இன்னும் இரண்டு வரி ஆய வேண்டியிருந்தது, அவள் நின்றுவிட்டாள். ஒரு பலகை காலி. முதலாளி கையைப் பிசைந்தார், நான் தண்ணீரைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் வலிக்கத் தெரியாது.

மஸீனா எழும்பி ஆஸியாவின் பலகைக்கு மாறினாள். பந்தயத் துடுப்பை நீட்டினாள். "மஹத்தயாவுக்குத் தெரியும்தானே?"

மென்டிஸ் சப்பாத்தை மூட்டைமேல் வைத்தார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்தார். மூன்றாம் பலகையில் உட்கார்ந்து, கட்டையில் காலை ஊன்றி, துடுப்பைப் பிடித்தார். கைறுன்னிஸா சுக்கானில் ஏறி அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். காலையிலிருந்து வாங்க, குந்துங்க, கேட்டீங்களா என்று ஒரு வார்த்தைகூட மரியாதை குறையாமல் பேசியவள். முக்காட்டை இழுத்து இறுக்கிக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"வலி!" என்றாள்.